ஒரு 'ஹேட்' செய்த வினை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டே பொழுது போய்விடும். போன மாதம் ஒரு மெயிலில் 'வி ஹேட் (had) செண்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே' என்று எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்: "அப்புறம் என்ன ஆச்சு? பார்சல் திரும்பி வந்துவிட்டதா?"

கூரியர் ரசீதை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகுதான் கோளாறு என் 'ஹேட்'டில் என்று உறைத்தது.

நமக்கு 'நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்' என்றால் போய்விட்டு வந்தாச்சு, அவ்வளவுதான். அந்த 'இருந்தேன்'தான் ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகிவிடுகிறது. (அது கொஞ்சம் மரியாதையாகத் தெரியும் என்ற நினைப்பு வேறு!) அவர்களுக்கோ, ஒன்று நடப்பதற்கு முன்பே இன்னொன்று நடந்து முடிந்திருந்தால்தான் 'ஹேட்'. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போனபோது பிளாட்பாரம் காலி. 'தி ட்ரெயின் லெஃப்ட்' என்றால் நான் போய் நிற்க, வண்டி கிளம்பியது. திங்கட்கிழமை அனுப்பியதைச் சொல்ல வெறும் 'வி செண்ட்' போதும்.

'ஹேவ்' கதை வேறு. 'நேத்தே அனுப்பிட்டேன்' என்பதில் தமிழுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அதையே 'ஐ ஹேவ் செண்ட் இட் எஸ்டர்டே' என்றால் இடிக்கும். முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' ஒட்டாது. ஒன்று 'எஸ்டர்டே'யை எடுக்க வேண்டும், இல்லை 'ஹேவ்'வை எடுக்க வேண்டும். இப்போதுதான் அனுப்பினேன் என்பதற்கு லண்டன்காரர் பெரும்பாலும் 'ஐ ஹேவ் ஜஸ்ட் செண்ட் இட்' என்பார். அமெரிக்கர் 'ஐ ஜஸ்ட் செண்ட் இட்' என்று முடித்துக்கொள்வார். அதில் நான் தலையிடுவதில்லை.

இப்போதெல்லாம் மெயிலை அனுப்பும் முன் 'ஹேட்' எங்கெங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். நேற்று ஒன்றில் நாலு இருந்தது. மூன்றைத் தூக்கிவிட்டேன். நாலாவது, 'வென் யூ சேஞ்ச்ட் தி ஷேட், வி ஹேட் டைட் தி ஃபேப்ரிக்'. அவர் கலரை மாற்றச் சொல்லும் முன்பே துணிக்குச் சாயம் ஏற்றியாகிவிட்டது. மறுசாயச் செலவு யார் தலையில் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நம்பிக்கை போதாமல் பக்கத்தில் ஒரு 'ஆல்ரெடி'யும் சேர்த்து அனுப்பினேன்.