ஆறும் பாவக் கணக்கும்

ஜனவரி 15, 2024, திங்கள்

பொங்கல். டிசம்பர் 17 ராத்திரி வீட்டுக்குள் வந்த தாமிரபரணி வடிந்து நாலு வாரம் ஆகிவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு மண்கோடு அப்படியே இருக்கிறது. நனைந்த நெல்லைக் கொட்டிவிட்டு நிவாரண அரிசியில்தான் பொங்கல் வைத்தேன்.

பால் பொங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து நின்றாள். "கண்ட ஆளையும் கோயிலுக்குள்ள விட்டா ஆத்தா பொறுப்பாளாட்டி? அதான் ஆறு ஊருக்குள்ள வந்துட்டு." போன ஆடியில் கீழத்தெரு ஆட்கள் அம்மன் கோயிலுக்குள் வந்து கும்பிட்டதைச் சொல்கிறாள். வெள்ளத்தன்று அவளைத் தோளில் தூக்கி எங்கள் மாடியில் ஏற்றிவிட்டதே கீழத்தெருப் பையன்தான். எனக்கு வாய் வரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

ஆச்சி சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. இதே மாதிரி ஒன்றை, இதற்கு நேர் எதிரான நியாயத்துக்காக, காந்தி சொல்லியிருக்கிறார். அதுவும் நம் திருநெல்வேலியில் வைத்து.

1934 ஜனவரி 15 மத்தியானம் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேரும் முசாபர்பூரும் தரைமட்டமாயின. செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வயல் வெடித்து உள்ளிருந்து மணலும் தண்ணீரும் பீறிட்டு விளைநிலத்தை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் கழித்து, 24ஆம் தேதி, திருநெல்வேலிக் கூட்டத்தில் சொன்னார்: தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இந்தப் பூகம்பம்.

அப்பா காந்தி படத்துக்குப் பூ வைக்காமல் சாப்பிட மாட்டார். நானும் தினம் விளக்கேற்றுகிறவள். அதனால்தான் இது இப்படி வலிக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

தாகூருக்கும் வலித்திருக்கிறது. தீண்டாமை விஷயத்தில் அவர் காந்தியின் பக்கம்தான். ஆனாலும் பூமி குலுங்கினால் அதற்குக் காரணம் பூமிக்குள்தான் இருக்கிறது, மனிதன் செய்கிற பாவத்துக்குப் படைப்பையே இடித்துத் தள்ளும் பலம் கிடையாது என்று எழுதினார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: இந்த வாதம் காந்தியைவிட அவருடைய எதிராளிகளுக்கே நன்றாகப் பொருந்தும். தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதற்குத்தான் தெய்வம் கோபித்தது என்று அவர்களும் சொல்லலாமே.

பொங்கலன்று ஆச்சி சொன்னதும் அதுதானே! தாகூரின் எழுத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அச்சிட்டார், பிப்ரவரி 16 இதழில். கூடவே தம் பதிலும். கடவுளின் சட்டங்கள் முழுதும் நமக்குத் தெரியாது, அவன் சித்தமில்லாமல் எதுவும் நடக்காது. தம் நம்பிக்கை தப்பாகவே இருந்தாலும் நம்புகிறவர்களுக்கு அது நன்மைதான் செய்யும் என்றார். இந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நம்புகிறவர்களுக்கு நன்மை, சரி. மணலுக்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த பீகார்த் தாய்க்கு? நீ செய்த பாவம் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நேரு பின்னால் சிறையில் எழுதிய சுயசரிதையில் நேராகவே கேட்கிறார்: தென்னிந்தியாவின் தீண்டாமைக்குப் பீகார் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? தென்னிந்தியா என்றால் நம் ஊர்தான். படித்ததும் எழுந்து போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 24, புதன்

இன்றோடு தொண்ணூறு வருஷம். வெள்ளத்தில் நனைந்த பாஸ்புக்கை மாற்றத் திருநெல்வேலிக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு.

காந்தி அற்புதத்துக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பூகம்பம் நடந்த இரண்டே நாளில் சிறையிலிருந்து வெளிவந்த ராஜேந்திர பிரசாத் நிவாரண வேலையைக் கையில் எடுத்தார். மார்ச்சில் காந்தியே பயணத்தை நிறுத்திவிட்டுப் பீகாருக்குப் போனார். நேரு முங்கேரில் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி, மற்றவர்களோடு இடிபாட்டைத் தோண்டினார். ஒரு சிறுமியின் உடல் கிடைத்தது. தெய்வத் தண்டனை என்றவரும் அறிவியல் பேசியவரும் கடைசியில் வந்து சேர்ந்தது அதே மண்ணுக்குத்தான்.

காந்தி மேல் எனக்கிருக்கும் மரியாதை குறையவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் அவர் சொன்னது மட்டும் தப்பு. நல்ல காரியத்துக்காகச் சொன்னதால் அது சரியாகிவிடாது. எங்கள் ஆறு வந்ததற்குக் காரணம் மழை. வருகிற வழியில் குளங்கள் உடைந்தன. ஓடை ஓடிய இடத்தில் வீடு நிற்கிறது. இது நாம் தீர்க்கக்கூடிய கணக்கு.

ஜனவரி 28, ஞாயிறு

கோயில் கிணற்றில் சேறு எடுத்தோம். உள்ளே இறங்கியது கீழத்தெரு ஆட்கள் நாலு பேரும் என் தம்பியும். மேலே கயிறு இழுக்க நாங்கள். பதினோரு மணி வாக்கில் ஆச்சி வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள்.

அருகில் போய்ச் சொன்னேன்: "ஆச்சி, நீங்க சொன்ன மாதிரி ஆத்தா கோவிச்சிருந்தா, அவங்கள வச்சி ஒங்களக் காப்பாத்தியிருப்பாளா?"

அவள் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு தூக்குவாளி நிறைய மோரும் டம்ளர்களும் கொண்டுவந்து கிணற்று மேட்டில் வைத்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்.

சாயங்காலம் ஊற்று தெளிய ஆரம்பித்தது.