ஒற்றைப் படம் போதாது: பறவைக் காய்ச்சல் நிமோனியாவும் மார்பு எக்ஸ்ரேயும்

எச்7என்9 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் முதன்முறையாக மனிதர்களைத் தாக்கியிருப்பதாகச் சீன அரசு 2013 மார்ச் 31 அன்று அறிவித்தது. ஷாங்காயில் இருவர், அன்ஹுயி மாகாணத்தில் ஒருவர் என மூன்று பேருக்குக் கடும் நிமோனியா வந்திருந்தது, மூவருமே இறந்தனர். 2017 வரை ஐந்து அலைகளாக வந்த இந்த நோய், ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட கணக்கின்படியே 1,500க்கும் மேற்பட்டவர்களைப் பாதித்து, அவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரின் உயிரைப் பறித்தது. ஐ.சி.யூ. நோயாளிகளின் மார்பு எக்ஸ்ரேக்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதே அன்றாட வேலையாகக் கொண்ட ரேடியாலஜிஸ்ட் என்ற முறையில், சீன மருத்துவர்கள் அந்த ஆண்டுகளில் வெளியிட்ட படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடுமையான நிமோனியாவில் மார்புப் படம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அவற்றைவிடத் தெளிவாக விளக்கும் தொகுப்புகள் குறைவு.

முதலில் பயன்படாததைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து வைரஸ் இன்னதென்று சொல்ல முடியாது. எச்7என்9, மற்றொரு பறவைக் காய்ச்சலான எச்5என்1, 2009இல் உலகெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சல், கோவிட் ஆகிய அனைத்தும் நோய் முற்றிய கட்டத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான வெண்திட்டுகளையே காட்டும், நோய்க்கிருமியை ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைதான் உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பறவை இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதருக்கு மூக்கிலும் தொண்டையிலும் குறைவாகவும், நுரையீரலின் ஆழத்தில் உள்ள நுண்ணிய மூச்சுக்குழல்களிலும் காற்றறைகளிலும் அதிகமாகவும் இருக்கின்றன. ஆகவே தொண்டையில் எடுத்த மாதிரி நெகட்டிவ் என்று வந்துகொண்டிருக்கும்போதே நுரையீரலின் அடிப்பகுதி நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். அத்தகைய நேரத்தில், மூச்சுக்குழாயின் ஆழத்திலிருந்து சளி எடுத்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றச் செய்வது பெரும்பாலும் படம்தான்.

எச்7என்9 விஷயத்தில் இது கூடுதலாகவே பொருந்தியது. எச்5என்1 வந்தால் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும், ஊருக்கே தெரிந்துவிடும். எச்7என்9 அதன் தொடக்க ஆண்டுகளில் கோழிகளுக்கு நோய் எதையும் தரவில்லை. உயிர்க்கோழிச் சந்தைக்குப் போய்வந்த ஒருவர், பெரும்பாலும் வயதான ஆண், சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வருவதே முதல் தகவலாக இருந்தது. படம் எடுக்கச் சொல்லி எங்களுக்கு வரும் சீட்டிலோ 'காய்ச்சல், மூச்சுத்திணறல்' என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. சந்தைக்குப் போனாரா, கோழி வளர்க்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் ரேடியாலஜிஸ்டின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

சரி, படத்தில் என்ன தெரியும்? ஷாங்காய் மருத்துவர்கள் 2013இலேயே 12 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சி.டி. ஸ்கேனில் 12 பேரிடமும் 'கிரவுண்ட் கிளாஸ்' எனப்படும் மங்கல் இருந்தது; பனி படிந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பவை தெரிவதுபோல, அந்த மங்கலுக்குள்ளும் இரத்தக்குழாய்களின் கோடுகள் தெரியும். ஏறத்தாழ எல்லோரிடமும் அதோடு கன்சாலிடேஷனும் இருந்தது; அதாவது, காற்றறைகள் முழுக்க நிரம்பி இரத்தக்குழாய்கள் மறைந்துபோக, காற்று எஞ்சியிருக்கும் மூச்சுக்குழல்கள் மட்டும் வெண்மைக்கு நடுவே கருப்புக் கிளைகளாகத் தெரியும் நிலை. வலது நுரையீரலின் கீழ் மடல்தான் (நுரையீரலின் பெரும் பிரிவுகளை மடல் என்போம்) மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. மங்கல் பகுதிகள் கன்சாலிடேஷனாக மாறுவது நோய் ஏறுவதையும், கன்சாலிடேஷன் மறுபடியும் மங்கலாகக் கரைவது நோய் இறங்குவதையும் காட்டுகின்றன.

இந்த நோயின் தனிக்குணம் அதன் வேகம். சாதாரண பாக்டீரியா நிமோனியா ஒரு மடலுக்குள் அடங்கி நாள்கணக்கில் இருக்கக்கூடும். பறவைக் காய்ச்சலில் முதல் நாள் ஒரு மடலின் ஓரத்தில் இருந்த திட்டு, ஓரிரு நாளில் இரு நுரையீரல்களையும் மூடிவிடலாம். அதனால்தான் படத்தில் காணப்படும் பாதிப்பின் பரப்பை எண்ணாக எழுதிவைக்கும் முறைகள் இங்கே உதவுகின்றன. ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாதிப்பின் பரப்புக்கு ஏற்ப 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால் அதிகபட்சம் 24 வரும். இதைவிட நுணுக்கமான முறைகளும் உண்டு. சில முறைகள் வெண்மையின் அடர்த்தியையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. ஒரே முறையை, முடிந்தால் ஒரே ஆள், நாள்தோறும் கையாள வேண்டும் என்பதே முக்கியம். மதிப்பெண் 18இல் மூன்று நாளாக நிற்கும் நோயாளியைவிட, இரண்டு நாளில் 6இலிருந்து 14க்கு ஏறியவரைப் பற்றித்தான் நான் ஐ.சி.யூ.வுக்கு உடனே தொலைபேசியில் சொல்வேன். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் எச்5என்1 நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தபோதும், நோயின் முதல் வார முடிவில் படத்தில் தெரிந்த பாதிப்பின் அளவு இறப்போடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது கண்டறியப்பட்டது.

ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் எக்ஸ்ரே பல வழிகளில் ஏமாற்றும். நிற்க முடியாதவரின் முதுகுக்கடியில் படம் பதியும் பலகையை வைத்து, முன்புறமிருந்து எடுக்கப்படும் போர்ட்டபிள் படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். தோள்பட்டை எலும்பின் நிழல் நுரையீரலின் மேல் விழும். படுத்த நிலையில் நுரையீரலைச் சுற்றிய நீர் பின்புறமாகப் பரவி, ஒரு பக்கம் முழுவதையும் இலேசாக வெளுக்கச் செய்யும். இவற்றைக்கூடப் பழகிக்கொள்ளலாம். வென்டிலேட்டரின் அழுத்தம் செய்யும் மாயம்தான் கடினமானது. மூச்சு வெளிவிட்ட பிறகும் காற்றறைகள் மூடாதிருக்கக் கொடுக்கப்படும் பீப் அழுத்தத்தை இரவில் கூட்டியிருந்தால், காலைப் படம் நேற்றையதைவிடக் கருப்பாக, அதாவது தேறியதுபோல, இருக்கும். நோய் அப்படியே இருக்கும். மாறாக, உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் இணைத்தபின் நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக வென்டிலேட்டரைத் தணித்துவிடுவார்கள். அன்றைய படம் முழு வெள்ளையாக வந்து, நோயாளி கைநழுவிவிட்டாரோ என்று அஞ்சவைக்கும். வென்டிலேட்டரின் அளவுகள் எழுதப்படாத போர்ட்டபிள் படத்தை முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடுவது பாதி ஊகம்தான்.

இதனால் நான் இத்தகைய படத்தில் நுரையீரலை முதலில் பார்ப்பதில்லை. மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயின் நுனி, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறதா என்று பார்ப்பேன். அது வலது குழலுக்குள் இறங்கியிருந்தால் இடது நுரையீரல் சுருங்கி வெளுத்து, நிமோனியா பரவியதுபோலத் தோன்றும். அடுத்து, உதரவிதானத்தின் இரு ஓரங்கள். படுத்திருப்பவரின் மார்புக்குள் கசிந்த காற்று மேலே உச்சிக்குப் போகாமல் முன்புறமாக, கீழ்நோக்கிச் சேரும். ஒரு பக்க ஓரம் மட்டும் வழக்கத்தைவிட ஆழமாகவும் கருப்பாகவும் இறங்கியிருந்தால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கிறது என்று பொருள். விறைத்துப்போன நுரையீரலுக்குள் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும்போது இது நேரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இவை முடிந்த பிறகுதான் திட்டுகளின் கணக்கு. அப்போதும், புதிதாக வந்த வெண்மை வைரஸினுடையதா, கூடுதலாக ஏற்றிய திரவத்தினுடையதா, வென்டிலேட்டர் வழியாக வந்த பாக்டீரியாவினுடையதா என்று படம் மட்டும் தீர்த்துச் சொல்லாது. திட்டுக்குள் குழி விழுந்தால் பாக்டீரியா என்ற ஐயம் வலுக்கும். நீரை வெளியேற்றும் மருந்து கொடுத்து ஒரே நாளில் கரைந்தால் அது பெரும்பாலும் திரவம்தான்.

சி.டி. எடுத்தால் இந்தக் குழப்பங்களில் பல தீரும். ஆனால் தனிமை அறையில் வென்டிலேட்டரோடும் நான்கைந்து ஊசிப் பம்புகளோடும் கிடப்பவரை வேறு தளத்துக்குக் கொண்டுபோவதில் உயிருக்கே ஆபத்து உண்டு. வழியெங்கும் தொற்றுக்கான வாய்ப்பும், பிறகு அறையைச் சுத்தம் செய்யும் நேரமும் சேரும். ஆகவே என் கணிப்பில், சி.டி. நோயின் இரு முனைகளில்தான் நன்றாகப் பயன்படுகிறது: எக்ஸ்ரே இன்னும் தெளிவாக இருக்கும்போதே மூச்சுத்திணறல் தொடங்கிய ஆரம்ப நாள்களிலும், வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட பிறகும். நடுவில், படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்டும் அன்றாட எக்ஸ்ரேயும் போதும். சிகிச்சையை மாற்றக்கூடிய ஒரு கேள்வி எழுந்தால் மட்டுமே நோயாளியை நகர்த்த வேண்டும்.

பிழைத்தவர்களின் படங்கள் தனிக்கதை. எச்7என்9இலிருந்து மீண்டவர்களை இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்த சீன மருத்துவர்கள், முதல் ஆறு மாதங்களில் படமும் மூச்சுத்திறனும் வேகமாகத் தேறுவதையும், அதன்பின் முன்னேற்றம் மந்தமாவதையும் கண்டனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு நார்த்தழும்பின் கோடுகள் இரண்டாம் ஆண்டிலும் எஞ்சியிருந்தன. டிஸ்சார்ஜ் நாளில் எடுத்த சி.டி.யை வைத்து 'நிரந்தரப் பாதிப்பு' என்று எழுத நான் தயங்குவது இதனால்தான். அந்தச் சொல்லை எழுதும் முன் ஆறாம் மாதப் படத்துக்குக் காத்திருக்கலாம்.