போரான் விட்ட பிடி

நைட்ரோசெஃபின் என்ற சோதனைப் பொருளின் கரைசல் மஞ்சளாக இருக்கும். பென்சிலின் போன்ற மருந்துகளை முறிக்கப் பாக்டீரியா உண்டாக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி அதை உடைத்தால் சிவந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 96 குழிகள் உள்ள தட்டை வைத்துக்கொண்டு இதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவிடாமல் தடுக்கும் பொருள் எது என்று தேடுவதுதான் வேலை.

ஃபீனைல்போரோனிக் அமிலம் சேர்த்த குழிகள் மஞ்சளாகவே நின்றன. ஏன் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆம்ப்-சி என்ற பீட்டா-லாக்டமேஸில் 64ஆவது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்ஸிஜன், மருந்தின் லாக்டம் வளையத்துக் கார்பனைத் தாக்கும். தட்டையான அந்தக் கார்பன் கண நேரம் நான்முகி வடிவம் எடுக்கும். உடனே நைட்ரஜனை உதறிவிட்டு மறுபடி தட்டையாகிவிடும். போரோனிக் அமிலத்தின் போரானும் தட்டைதான். வெளிக்கூட்டில் ஆறே எலக்ட்ரான்கள், ஒரு இடம் காலி. செரின் அங்கே வந்து ஒட்டிக்கொள்ள, போரானும் நான்முகியாகிறது. ஆனால் உதறித் தள்ளிவிட்டு மேலே போக அதனிடம் நைட்ரஜன் எதுவும் இல்லை. நொதி எந்த வடிவத்தை இறுகப் பிடிக்கிறதோ, கிட்டத்தட்ட அதே வடிவத்தில் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

சகப்பிணைப்பாயிற்றே, இனி விடாது என்று நோட்டில் 'மீளாத் தடை' என எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நீர்த்துப் பார்த்தியா?" என்றார். இல்லை.

அன்று மதியமே பார்த்தேன். நொதியையும் தடுப்பானையும் ஒன்றாக ஊற வைத்து, அதை நைட்ரோசெஃபினில் 100 மடங்கு நீர்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஆரஞ்சு. காபி குடித்துவிட்டு வருவதற்குள் சிவப்பு. செரின்-போரான் பிணைப்பு உருவாவதும் உடைவதும் நடந்துகொண்டே இருக்கிறது. நீர்த்த பிறகு, விலகிப்போன தடுப்பானுக்குப் பதிலாக வந்து ஒட்ட வேறு மூலக்கூறு அருகில் இல்லை. அடிக்கோட்டை அடித்துவிட்டேன்.

சரி, புரிந்துவிட்டது என்று இருந்தபோது அடுத்த இடி. புது நொதிக் குப்பியைத் திறந்த நாளிலிருந்து அதே அமிலம் பாதிக்குப் பாதி கூடத் தடுக்கவில்லை. அமிலம் கெட்டுவிட்டதென்று புதிதாக எடை போட்டேன், பிப்பெட்டைச் சந்தேகித்தேன், ஒரு வாரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், பழைய குப்பியைவிடப் புதியதில் கிளிசரால் மிக அதிகம். கிளிசராலில் அடுத்தடுத்து இருக்கும் ஹைட்ராக்சில்கள் போரானை வளையமாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பிடி வலுவற்றதுதான், ஆனால் கிளிசரால் அங்கே வெள்ளமாக இருந்தது. செரினுக்குப் போக வேண்டிய அமிலத்தில் பெரும்பகுதியை அது மடக்கிவிட்டது. சர்க்கரைகளும் இப்படித்தான். நல்ல தடுப்பானைத் தேடி இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு, 2017இல் வபோர்பாக்டாம் என்ற போரோனிக் அமிலத் தடுப்பான் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்ந்த மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. நான் கிளிசராலில் தோற்றேன்.

இப்போதெல்லாம் என் குப்பிகளின் மேல், நொதியின் பெயருக்கு முன்பாகவே கிளிசரால் சதவீதத்தைச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன்.