உறைபனி வரைந்த எல்லை

ஒரு ஜனவரி விடியலில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியில் நடந்தபோது, காலடியில் புல் நொறுங்கும் ஓசை கேட்டுக்கொண்டே வந்தது. உறைபனி. மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காட்டின் விளிம்பைத் தாண்டி நான்கடி உள்ளே வைத்ததும் அந்த ஓசை நின்றுவிட்டது; அங்கே சருகு ஈரமாகக் கிடந்ததேயன்றி வெண்மை எங்கும் இல்லை.

மழையும் வெயிலும் சோலைக்கும் புல்வெளிக்கும் ஒன்றுதான் என்னும்போது, காடு ஏன் புல் நிற்கும் மேட்டில் ஏறிப் பரவவில்லை? தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று நெடுநாள் வாதிடப்பட்டது; அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், பகலில் வரும் ஆற்றலைக் காட்டிலும் இரவில் இழக்கும் ஆற்றலே இங்கு முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். மேகமற்ற குளிர்கால இரவில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு உறைநிலைக்கும் கீழே இறங்குகிறது. சோலையின் அடர்ந்த இலைக்கூரையோ அந்த வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதன் நிழலில் முளைக்கும் கன்று பிழைக்கிறது. வெளியே விழுந்த விதையின் கன்று கருகுகிறது. ரோடோடென்ட்ரான் போன்ற ஒன்றிரண்டு மரங்கள் மட்டுமே புல்லின் நடுவே தனித்து நிற்கின்றன.

குறிஞ்சித் திணைக்குப் பெயர் கொடுத்த நீலக்குறிஞ்சியும் திறந்த புல்சரிவுக்கு உரியதுதான். 12 ஆண்டுகள் சேர்த்த ஆற்றலை எல்லாம் ஒரே பருவத்தில் பூவாகவும் விதையாகவும் செலவழித்துவிட்டு அது மடிகிறது, 2018இல் பூத்தது. வரையாடு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். தின்னப்படும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உணவுச் சங்கிலியின் அடுத்த படிக்குச் செல்லும் என்பதால், ஒரு சிறுத்தை வாழ எவ்வளவு புல்சரிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

காட்டை அழித்ததால் உண்டான வெற்றிடம் என்று புல்வெளியைக் கருதியவர்கள், நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். அந்த மண்ணின் கரிமம், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. ஆங்கிலேயர் அந்தப் புல்வெளியைத் தரிசு என்றே கணக்கெழுதினார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரமும், விறகுக்காகக் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வந்தன. விடுதலைக்குப் பின் நம் ஆட்சியிலும் நடவு தொடர்ந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த சரிவுகள் பல அப்படித்தான் மறைந்தன. மரம் நடுவது எங்கும் நல்லது என்னும் நம்பிக்கையை என்னால் இதனால்தான் ஏற்க முடிவதில்லை.

சோலை மரங்களின் கன்றுகள் உறைபனிக்கு அடங்கிவிடும்; சீகைக் கன்று அப்படி எளிதில் அடங்குவதில்லை. இரவுகள் வெப்பமடைய வெப்பமடைய, இருக்கும் தடையும் தளர்கிறது. அன்று திரும்பும் வழியில், வெளுத்த புல்லின் நடுவே முழங்கால் உயரத்தில் ஏழெட்டுச் சீகைக் கன்றுகள் வாடாமல் நின்றிருந்தன.