கொழும்பில் சிக்கிய பெப்டைட்டுப் பொதி

ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து பெப்டைட்டு (சில அமினோ அமிலங்கள் இணைந்த சிறு சங்கிலி) தருவிக்க எண்ணியிருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலைமனு, கட்டணம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. பொதி கொழும்புக்கு வந்த பின்னரே இழுபறி தொடங்கியது.

நான் தருவித்தது கிளைசின், புரோலின், குளுத்தமிக் அமிலம் ஆகிய மூன்றும் இணைந்த சிறு துண்டு. நம் உடலிலுள்ள புரதமான இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 இலுள்ள 70 அமினோ அமிலங்களில் முதல் மூன்றும் இவைதாம். பாரிசவாதத்தின்போது நேர்வதைப் போல ஒட்சிசனும் குளுக்கோசும் தடைப்படும் நரம்புக் கலங்களை இத்துண்டு எவ்வளவு காக்கிறது என்று பார்ப்பதே என் ஆய்வு.

விற்பனையாளர் இன்வொய்சில் ‘வளர்ச்சிக் காரணித் துண்டு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதைக் கண்ட சுங்க உத்தியோகத்தர் கைபேசியில் தேடி, 2023 இல் அமெரிக்காவில் ரெட் நோய் எனும் அரிய நரம்பியல் நோய்க்கு அனுமதிக்கப்பட்ட டிரோபினெடைட் என்ற மருந்து பற்றிய செய்தியைக் காட்டி, இது மருந்து, மருந்துக்குரிய அனுமதி வேண்டும் என்றார். டிரோபினெடைடில் புரோலினோடு ஒரு மெதைல் கூட்டம் சேர்ந்திருக்கிறது, உடலில் விரைவாகச் சிதையாதிருக்கவே அவ்வாறு மாற்றினார்கள், என் குப்பியில் இருப்பது வேறு மூலக்கூறு என்று எவ்வளவோ விளக்கியும் அவர் கோப்பை மூடி மேசையோரம் தள்ளிவிட்டார். மின்னஞ்சலில் வந்த பேராசிரியரின் கடிதமும் எடுபடவில்லை. மூலப்பிரதியும் றப்பர் முத்திரையும் வேண்டுமாம். ஒரு தாளுக்காக இரவு ரயிலில் ஊர் திரும்பினேன். இதற்கிடையில், பரிசோதனைக்கென்று நாள் பார்த்து வளர்த்த கலங்கள் பருவம் கடந்து வீணாகின. அந்த மனவருத்தம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த முறை கோப்பு வேறோர் அம்மணியிடம் போயிருந்தது. கடிதத்திலிருந்த, மனிதருக்கோ விலங்குக்கோ செலுத்தப்படாது, ஆய்வுகூடக் கலங்களுக்கு மட்டுமே என்ற வரியையும் மில்லிகிராம் அளவையும் விரல் வைத்து வாசித்தார். குப்பியின் அடியில் ஒட்டியிருந்த வெண்படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இவ்வளவுதானா பிள்ளை?” என்று கேட்டவர், அன்றே விடுவித்துத் தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே, பொதி புறப்படுமுன் இன்வொய்சின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். அதில் வேதிப்பெயரும் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்பும் இருக்கவேண்டும். முத்திரையிட்ட கடிதத்தின் மூலப்பிரதிகளை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கரைசலாக அன்றி, உறையவைத்து உலர்த்திய தூளாகவே தருவியுங்கள். என் பொதியில் பனிக்கட்டி முழுவதும் உருகியிருந்தபோதும் தூள் உலர்ந்தே இருந்தது. குளிரிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே திறக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படிந்துவிடும். கரைத்ததைச் சிறு பங்குகளாக்கி −20 பாகையில் வையுங்கள். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் பெப்டைட்டு கெடும். பொதி கைக்கு வரும்வரை கலங்களை வளர்க்கத் தொடங்காதீர்கள்.