ஆறு ஆள், இரண்டு அச்சு: எந்த டி-டெஸ்ட்?

எண்களையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்துவிட்டு "இதுக்கு எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போடலாம்?" என்று கேட்பது, கலவையைக் கரைத்து வைத்துவிட்டு அச்சைத் தேடுகிற கதை. எந்த டெஸ்ட் என்பது தரவு சேகரித்த விதத்திலேயே பாதி முடிவாகிவிடும்.

ஆத்தங்குடியில் கல் (தரை டைல்) போடும் பட்டறை ஒன்றில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சில் ஒரு நாளைக்கு அவர்கள் போட்ட கல் 92, 75, 110, 84, 101, 68. அதே ஆட்கள் அதே வரிசையில் புது அச்சில் போட்டது 95, 79, 112, 89, 103, 72. சராசரி 88.3-லிருந்து 91.7 ஆகிறது.

இதைத் தனித்தனி இரண்டு குழுவாக நினைத்துச் சாதாரண டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டெஸ்ட்) போட்டால் டி, அதாவது சராசரி வித்தியாசம் அதன் திட்டப்பிழையைப் போல எத்தனை மடங்கு என்பது, 0.38தான் வரும். "வித்தியாசம் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். ஆனால் ஆள் ஒன்றுதானே! ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை எடுங்கள்: 3, 4, 2, 5, 2, 4. சராசரி 3.33, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 1.21. அதை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.49, டி 6.7. சுதந்திரப் படி (ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தது) 5-க்கு, வித்தியாசம் தற்செயல் அல்ல என்று 5 சதவீத அளவில் சொல்ல டி 2.57-ஐத் தாண்டினாலே போதும். கை வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் உள்ள இடைவெளி, முதல் கணக்கில் அச்சின் பலனை விழுங்கிவிட்டது. மூன்று பேர் பழைய அச்சிலும் மூன்று பேர் புது அச்சிலும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கை பழகியதையும் அச்சின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஆறு பேர் போதுமா என்றால், டி-டெஸ்ட் பிறந்ததே சின்ன சாம்பிளுக்காகத்தான். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காஸெட் 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது அது. இங்கே இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபக்கமும் சரியும் மணி வடிவில்) இருக்க வேண்டியது அந்த வித்தியாசங்கள், மூல எண்கள் அல்ல. ஒருவருடைய வித்தியாசம் மட்டும் 40 என்று துருத்திக்கொண்டு நின்றால் எண்களுக்குப் பதில் அவற்றின் தர வரிசையை வைத்துப் பார்க்கும் வில்காக்சன் டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் ஐந்தே ஜோடி வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்: ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் இருபக்க பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.0625-க்குக் கீழே இறங்காது, வழக்கமான 0.05 எல்லையைத் தொடாது.

ஆட்களே வேறு வேறு என்றால், இரு குழுவின் விலக்கமும் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் டி-டெஸ்ட். விலக்கம் சமமா என்று தனியாக ஒரு டெஸ்ட் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. மூன்று அச்சு என்றால் எல்லாச் சராசரிகளையும் ஒரே டெஸ்டில் ஒப்பிடும் அனோவா. மூன்று ஜோடிக்கும் தனித்தனியாக டி போட்டால் இல்லாத வித்தியாசம் ஒன்றாவது தலைகாட்டும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14 வரை ஏறிவிடும்.

அளவுக்குப் பதில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருந்தால் கை-ஸ்கொயர் (χ²) டெஸ்ட். கண்டாங்கிச் சேலை வாங்கும் 40 பேரிடம் வயதும் பிடித்த கரையும் கேட்டிருந்தால், அட்டவணையில் ஆட்களைத்தான் போட வேண்டும். மொத்தத்தை 100 ஆக்கிச் சதவீதமாகப் போட்டால் கை-ஸ்கொயர் இரண்டரை மடங்கு ஊதிப்போகும். கேட்காத 60 பேரைக் கேட்டதாகக் கணக்குக் காட்டுகிற வேலை அது. எதிர்பார்ப்பு எண்ணிக்கை (வயதுக்கும் கரைக்கும் தொடர்பே இல்லையென்றால் கட்டத்தில் வர வேண்டியது) 5-க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் ஃபிஷர் டெஸ்ட் நல்லது.