அமெரிக்க வரலாற்றுத் தாள்: மேற்கு விரிவாக்கத்தையும் உள்நாட்டுப் போரையும் சேர்த்தே படியுங்கள்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டை நோட்ஸ்களில் பெரும்பாலும் இரண்டு அலகுகளாகப் பிரித்துவிடுவார்கள். மேற்கு நோக்கிய விரிவாக்கம் ஒன்று. அடிமை முறையும் உள்நாட்டுப் போரும் இன்னொன்று. முதல் அலகு நிலம் வாங்கியது, தங்கம் கிடைத்தது, ரயில் பாதை போட்டது என்று கதைபோல ஓடிவிடும். இரண்டாவதில் சமரசம், சட்டம், தீர்ப்பு என்று வரிசையாக வந்து விழும். எது முன்னே எது பின்னே என்று மனதில் தங்காது. இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துப் படித்த பிறகுதான் இந்தத் தாள் எனக்குப் பிடிபட்டது.

புதிய நிலம் சேரும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அங்கே அடிமை முறைக்கு இடம் உண்டா, இல்லையா? அன்றைய அரசியல்வாதிகளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். மாநிலம் பெரிதோ சிறிதோ, செனட்டில் அதற்கு இரண்டு இடம். அடிமை முறை இல்லாத வடக்கில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டும், மக்கள்தொகைப்படி இடம் தரும் பிரதிநிதிகள் சபை அடிமை முறை நிலவிய தெற்கின் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த அரண் செனட்தான். அதனால் ஒவ்வொரு புதிய மாநிலமும் ஒரு போராட்டமாக மாறியது.

ஒரு வெற்று அமெரிக்க வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் 'சுதந்திர மாநிலம்', 'அடிமை மாநிலம்' என்று இரண்டு பத்தி போடுங்கள். 1819இல் கணக்கு 11க்கு 11. மிசௌரி அடிமை மாநிலமாகச் சேரக் கேட்டதும் சமநிலை ஆட்டம் கண்டது. 1820 சமரசத்தில் மெய்ன் சுதந்திர மாநிலமாக உள்ளே வந்தது. கணக்கு 12க்கு 12 ஆனது. 1803இல் பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலத்தில் மிசௌரி தவிர 36°30′ கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றும் முடிவானது. அந்தக் கோட்டை உங்கள் கையாலேயே வரையுங்கள். 1854இல் அதை அழிக்கும்போது என்ன நடந்தது என்பது பிறகு மறக்காது.

1803இன் லூசியானா வாங்கலை 'ஜெபர்சன், நெப்போலியன், 1.5 கோடி டாலர்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடாதீர்கள். நெப்போலியன் ஏன் விற்றார்? ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு அமைக்கும் அவரது திட்டம் அத்தோடு சரிந்தது. அடிமைகளின் விடுதலைப் போரால் கைமாறிய நிலத்தின் தென்பகுதியில் அடிமை முறை இன்னும் வேரூன்றியது. இதை ஒரு வரியில் எழுதினாலும் விடைக்கு ஆழம் வந்துவிடும்.

1830இன் பூர்வகுடிகள் வெளியேற்றச் சட்டத்தை அன்றைய குடியரசுத் தலைவர் ஜாக்சன் பற்றிய குறிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் சுமார் 16,000 பேர் 1838-39இல் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் இப்படிக் காலியாக்கப்பட்ட பூர்வகுடிகளின் நிலங்களில் பெரும்பகுதி பருத்திக்குப் போனது. அதில் உழைக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஓர் இனத்தின் வெளியேற்றமும் இன்னோர் இனத்தின் அடிமைத்தனமும் அந்த மண்ணில் ஒன்றாகச் சேர்ந்தன. இதைப் படிக்கும்போது மனம் கனக்கும். கனத்தாலும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

1840கள்தான் திருப்புமுனை, நேரத்தை இங்கே தாராளமாகக் கொடுங்கள். 1845இல் டெக்சாஸ், 1846இல் ஆரிகன், 1846-48இல் மெக்சிகோ போர். போர் தொடங்கிய சில மாதங்களிலேயே வடக்கைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டேவிட் வில்மட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலம் எதிலும் அடிமை முறை கூடாது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் விழுந்தது. வாக்குகள் கட்சிவாரியாக விழாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்ததைக் கவனியுங்கள். விரிசல் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

கலிபோர்னியாவில் தங்கம் தென்பட்டது 1848 ஜனவரி 24. அந்த நிலத்தை அமெரிக்காவுக்குத் தந்த ஒப்பந்தம் கையெழுத்தானது பிப்ரவரி 2. கூட்டம் கூட்டமாக ஆட்கள் குவிந்து, கலிபோர்னியா நேரடியாகச் சுதந்திர மாநிலமாகச் சேரக் கேட்டது. 15க்கு 15 என்றிருந்த கணக்கு 16க்கு 15 ஆகப் போகிறது. இதற்கு ஈடாகத் தெற்கு வாங்கிக்கொண்டதுதான் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். பிடிபட்டவரை அடிமை என்று ஒப்படைத்தால் விசாரித்த ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது, ஜூரியும் கிடையாது. அடிமை முறை எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்த வடக்கத்தியர்கள், தங்கள் தெருவிலேயே ஆள்பிடிப்பதைப் பார்த்தார்கள். வடக்கின் மனநிலை ஏன் மாறியது என்ற வினாவுக்கு இந்த 10, 5 டாலரைத் தாண்டி நல்ல சான்று கிடையாது.

1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்து, 36°30′ கோட்டை ரத்து செய்து, குடியேறியவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். மேற்கே ரயில் பாதை போக வேண்டுமானால் அந்த நிலத்தில் ஓர் அரசு அமைய வேண்டும். அவரது அவசரத்துக்கு அது ஒரு காரணம். விளைவு? 1855 மார்ச்சில் கான்சாஸ் தேர்தல். கணக்கெடுப்பின்படி வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,307. அடிமை முறை ஆதரவாளர்கள் மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று நிகழ்வுகள்: 21ஆம் தேதி கான்சாஸில் அடிமை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட்டது, 22ஆம் தேதி செனட் அவைக்குள்ளேயே அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தெற்கின் பிரதிநிதி பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார், 24ஆம் தேதி இரவு கான்சாஸில் அடிமை எதிர்ப்பாளர் ஜான் பிரவுனின் குழு எதிர்த்தரப்பினர் ஐந்து பேரைக் கொன்றது. பேச்சு முடிந்து அடிதடி தொடங்கிய இடம் எது என்று கேட்டால் இந்த வாரத்தை எழுதுங்கள். அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதைந்து, அடிமை முறை பரவுவதை எதிர்த்த குடியரசுக் கட்சி பிறந்ததும் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தின் தாக்கத்தில்தான்.

விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை (1857) சுருக்கமாகப் படித்தால் போதும், ஆனால் மையத்தைப் பிடியுங்கள்: மேற்கு நிலங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்றது அது. ஒரே அடியில் சமரசத்துக்கான வாசல் அடைபட்டது. 1860 குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லிங்கன் சுமார் 40 விழுக்காடு வாக்கில் வென்றார். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. பழைய 36°30′ கோட்டை மறுபடி நீட்டலாம் என்று செனட்டர் கிரிட்டன்டனின் சமரசத் திட்டம் வந்தபோது, அடிமை முறையை விரிவாக்கும் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று லிங்கன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார்.

'போருக்குக் காரணம் மாநில உரிமையா, அடிமை முறையா?' அடிக்கடி எதிர்பார்க்க வேண்டிய வினா இது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல மழுப்பி எழுத வேண்டாம். தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரிவினைக் காரண அறிக்கையைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். வட மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரவில்லை என்றும், அடிமையோடு நியூயார்க் வழியாகப் போகக்கூட முடியவில்லை என்றும் அது குறை சொல்கிறது. மற்ற மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அங்கே குற்றச்சாட்டு! 1861 மார்ச்சில், பிரிந்துபோன தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானாவில் பேசும்போது, தங்கள் அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். இவ்விரண்டு சான்றுகளையும் வைத்து எழுதினால் உங்கள் வாதம் உறுதியாக நிற்கும்.

விரிவாக்கம் பற்றிய கட்டுரை வினாவை 1861இல் நிறுத்திவிடாதீர்கள். தெற்கின் உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு, 1862இல் அதுவரை சிக்கிக் கிடந்த சட்டங்கள் மளமளவென்று நிறைவேறின. குடியேறுவோருக்கு 160 ஏக்கர் தரும் நிலச் சட்டம் மே மாதம், பசிபிக் ரயில் பாதைச் சட்டமும் கல்லூரிகளுக்கு நிலம் தரும் மாரில் சட்டமும் ஜூலையில். இதுபோன்ற நிலச் சட்டம் ஒன்றை 1860இல்தான் குடியரசுத் தலைவர் புக்கானன் தடுத்திருந்தார். 1869இல் பாதை இணைந்தபோது சமவெளிப் பூர்வகுடிகளின் நிலமும் எருமை மந்தைகளும் அதன் வழியில் இருந்தன. அடுத்த அலகை அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.